பழைய ஸ்டீரியோ ரேடியோகிராமைச் சீரமைத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ரேடியோகிராம் ஒன்றை விலைபேசி வாங்கி வீட்டில் இறக்கியவுடன், அது பாடுகிறதா என்று பார்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதுதான் சீரமைப்பு வேலையின் முதல் படி. பல ஆண்டுகள் மூலையில் கிடந்த பெட்டிக்குள், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருக்கும். மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர்களோ சென்னையின் ஈரக்காற்றைக் குடித்து, தடுத்து நிறுத்த வேண்டிய மின்னோட்டத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். இந்த நிலையில் 230 வோல்ட் மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் வீட்டு மின்சாரத்தை வேண்டிய வோல்டேஜுக்கு மாற்றும் பவர் டிரான்ஸ்ஃபார்மரோ, ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோ சில நிமிடங்களில் கருகிவிடக்கூடும். கெப்பாசிட்டர் இன்றும் குறைந்த விலையில் கடையில் கிடைக்கிறது. அந்தப் பெட்டிக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் எங்கும் கிடைக்காது. ஆள் தேடி மறுபடி சுற்றத்தான் வேண்டும். எளிதில் கிடைக்கும் பொருளின் பழுதால் கிடைக்காத பொருளை இழந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலைதான், கீழே சொல்லும் வேலைகளின் வரிசையை முடிவு செய்கிறது.

இரு தடங்களில் ஒலி பதிந்த ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல் விற்பனைக்குப் பரவலாக வந்தன. அதற்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரு புறமும் ஸ்பீக்கர்கள் ஆகிய அனைத்தையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கிய ரேடியோகிராம், வசதியுள்ள வீட்டுக் கூடங்களின் அடையாளமாக விளங்கியது. சென்னையில் பழையதாகக் கிடைப்பவற்றில் எச்.எம்.வி., பிலிப்ஸ், மர்ஃபி போன்ற பெயர்களைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வந்த குருண்டிக், டெலிஃபங்கன் பெட்டிகளும் அவ்வப்போது தட்டுப்படும். 1960-களின் பெட்டிகளில் பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளும், பின்னால் வந்தவற்றில் டிரான்சிஸ்டர்களும் இருக்கும். வால்வுப் பெட்டிகளே சிக்கலும் அபாயமும் மிகுந்தவை என்பதால், இந்தக் கட்டுரை முதன்மையாக அவற்றைப் பற்றியே பேசுகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும், 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின் அங்கிருந்த வியாபாரிகளுக்காக சென்ட்ரல் அருகே அமைந்த அல்லிக்குளம் வளாகமும் தேடத் தொடங்க நல்ல இடங்கள். ஆனால் மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பகுதிகளில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது நேராக வீட்டுக்காரரிடமிருந்து வாங்குவதே சிறந்தது என்பது என் எண்ணம். ஒரே வீட்டில் இருந்த பெட்டியில் யாரும் பாகங்களைக் கழற்றி மாற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. கையேடும் பின்பலகையும் பெரும்பாலும் கூடவே இருக்கும்.

விற்பவர் "நன்றாகப் பாடும் சார், பிளக்கில் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு டார்ச்சுடன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் அருகில் மூக்கை வைத்து முகர்ந்தால், கருகிய வார்னிஷ் வாடை ஆண்டுகள் கழிந்த பின்பும் தெரியும். அந்த வாடை இருந்தால் விலையைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வானொலி நிலையங்களின் பெயர்கள் அச்சிட்ட டயல் கண்ணாடி முழுதாக இருக்கிறதா, குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா, ரெக்கார்டு பிளேயரின் கை முறியாமல் இருக்கிறதா என்பவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இவை மூன்றுக்கும் மாற்று கிடைப்பது அரிது. மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய வெனியர் உரிந்திருப்பதும், பாலிஷ் மங்கியிருப்பதும், பின்பலகை பிளந்திருப்பதும் பெரிய குறைகள் அல்ல. மூலை இணைப்புகளில் கத்தி முனையை வைத்து அழுத்தும்போது மரம் பொலபொலவென்று உதிர்ந்தால் கரையான் உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட பெட்டி, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவருக்கு ஏற்றதல்ல.

பின்பலகையில் அல்லது மின்பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமாகிய சேசிஸில் உள்ள தகட்டில் எத்தனை வோல்ட், எத்தனை சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று எழுதியிருக்கும். அமெரிக்கப் பெட்டியானால் 117 வோல்ட், 60 சைக்கிள் என்றிருக்கும். அதற்கு வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. அதன் மோட்டார் நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத் தட்டு 28 சுற்றுக்கும் குறைவாக ஓடி, பாடகர் யாராயினும் குரல் கனத்துக் கேட்கும். மோட்டார் தண்டின் புல்லியையும் மாற்றினால்தான் வேகம் சரியாகும்.

வண்டியில் ஏற்றும் முன் பிளேயரின் கையை நூலால் கட்டிவிட்டு, தட்டுமேடையை ஸ்பிரிங்குகளின் மேல் ஆடாமல் நிறுத்தும் திருகுகளை இறுக்கிவிடுங்கள். வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து, செய்தித்தாளில் சுற்றித் தனியாக எடுத்துச் செல்வது நல்லது.

திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

சேசிஸை வெளியே எடுக்கும் முன்பும் எடுத்த பின்பும் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது, டயல் கயிறு எந்தச் சக்கரத்தை எத்தனை முறை சுற்றுகிறது என்பவற்றைப் பின்னால் நினைவிலிருந்து சொல்ல இயலாது. தூசியை மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கரப்பான் முட்டையும் எலிப்புழுக்கையும் உள்ளே இருப்பது நம் ஊரில் வழக்கமாதலால் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். எலி கடித்த கம்பிகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயல் கண்ணாடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு காலத்தால் பொடிந்து, ஈரத்துணி பட்டாலே கையோடு வந்துவிடும் நிலையில் இருக்கலாம். முன்பக்கத்தைத் துடைக்கலாம். பின்பக்கத்தில் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷைத் தவிர வேறெதையும் படவிடாதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் அறவே கூடாது.

அடுத்து, பெட்டியில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி அமைந்த சில செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராகச் சேசிஸ் உலோகத்தில் இணைந்திருக்கும். யு.எல்.84, யு.சி.எச்.81, யு.ஒய்.85 என்று "யு" எழுத்தில் தொடங்கும் வால்வுகளைக் கண்டால் இவ்வகை என்று கொள்ளலாம். பிளக்கை ஒருபுறம் செருகினால் சேசிஸில் முழு 230 வோல்ட் நிற்கும். இத்தகைய செட்டுக்கு எர்த் இணைக்கவும் கூடாது, வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவும் கூடாது. புதியவர்கள் இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும் என்றே வற்புறுத்திச் சொல்வேன்.

உயிர்ப் பாதுகாப்பு

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு செட்டிலும் 250 முதல் 300 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும், 5 வாட் அளவுள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கம்பிகளில் இணைத்து, கெப்பாசிட்டரின் பிளஸ் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே சில விநாடிகள் வைத்து மின்சாரத்தை வடித்துவிட்டு, மல்டிமீட்டரால் அளந்து பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே கையை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளக்க வேண்டும்; மற்ற கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு வேண்டும். வீட்டில் வேறொருவர் இருக்கும்போது மட்டுமே இந்த வேலையைச் செய்யுங்கள். வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் உள்ள உயர் மின்னழுத்தம் வீட்டு எர்த்தோடு தொடர்பின்றித் தனித்து நிற்பதால், அதில் இரு கைகளும் பட்டு மின்சாரம் உடலின் வழியே பாய்ந்தாலும் அந்தச் சாதனம் துண்டிக்காது.

மின்கம்பியும் ஃபியூஸும்

ரப்பர் உறையிட்ட பழைய மின்கம்பியை வளைத்துப் பார்த்தால் உறை துண்டு துண்டாக உதிரும். அதை முழுவதும் நீக்கி, மூன்று இழைக் கம்பியும் மூன்று பின் பிளக்கும் பொருத்தி, பச்சைக் கம்பியை டிரான்ஸ்ஃபார்மர் செட்டின் சேசிஸில் உறுதியாக இணைக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத செட்டுக்கு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று சேர்ப்பது நல்லது. ஃபியூஸ் இருக்கும் செட்டில் முன்னவர் யாராவது செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வியக்கத்தக்க அளவுக்கு அடிக்கடி காணக்கூடியது இது. தகட்டில் குறித்துள்ள ஆம்பியர் அளவையே மீண்டும் போடுங்கள்.

ஐரோப்பிய செட்டுகளில் 110, 127, 220, 240 என்று தேர்ந்தெடுக்கும் சக்கரமோ செருகியோ இருக்கும். நம் வீடுகளில் மாலை ஒருவிதமாகவும் நள்ளிரவில் ஒருவிதமாகவும் வோல்டேஜ் ஏறி இறங்குவதால், அதை 240-இல் வைப்பதே வால்வுகளின் ஆயுளுக்கு நல்லது. பவர் ஸ்விட்சின் அருகிலும் மோட்டாரின் அருகிலும் மின்கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருந்தால், அதை அதே அளவுள்ள எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரால் மாற்றிவிடுங்கள். நேராக வீட்டு மின்சாரத்தைத் தாங்கும் இடமாதலால் சாதாரணக் கெப்பாசிட்டரை அங்கே வைக்கக் கூடாது. பழையது எந்த நாளும் வெடித்துப் புகையலாம்.

கெப்பாசிட்டர்களை மாற்றுதல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், ஆகவே இதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வேண்டிய கெப்பாசிட்டர்கள், ரெசிஸ்டர்கள், ஈயம், காண்டாக்ட் கிளீனர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஆனால் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். சேசிஸின் அடியில் உள்ள ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மதிப்பையும் வோல்டேஜையும் எழுதிக்கொண்டு போனால், கடைக்காரரும் பொறுமையாக எடுத்துக் கொடுப்பார்.

முதலில் வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக்குகள். அலுமினியக் குடுவைக்குள் 32 + 32 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்பது போல இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். அதன் இடத்தில் 33 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டைச் சேசிஸின் அடியில் இணைக்கலாம். 85 டிகிரி வகையை விட 105 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள். மூடிய மரப்பெட்டிக்குள் வால்வுகளின் சூடும் நம் சித்திரை வெயிலும் சேரும்போது அந்த வேறுபாடு ஆயுளில் தெரியும். பழைய குடுவையின் இணைப்புகளை முற்றிலும் துண்டித்துவிட்டு, அதை அதன் இடத்திலேயே நிற்கவிடுவது என் விருப்பம். மேலிருந்து பார்க்கும்போது செட்டின் தோற்றம் மாறாது. கூடுதல் மைக்ரோஃபாரட் போட்டால் இரைச்சல் குறையும் என்று எண்ணி 100, 220 என்று ஏற்றிவிடாதீர்கள். ஏசியை டிசியாக மாற்றும் இ.இசட்.81 போன்ற ரெக்டிஃபயர் வால்வு தன் முதல் கெப்பாசிட்டரை நிரப்பும்போது எடுக்கும் மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வால்வு பொறிதட்டிப் போய்விடும். பிளஸ், மைனஸ் முனைகளை இருமுறை சரிபார்த்த பின்பே ஈயம் வையுங்கள்.

அடுத்தவை காகிதக் கெப்பாசிட்டர்கள். மெழுகோ தாரோ பூசிய பழுப்பு உருளைகளாக இருக்கும் இவற்றை, ஒன்றுகூட விடாமல் 630 வோல்ட் பாலியெஸ்டர் வகையால் மாற்றிவிட வேண்டும். 0.02 என்றிருந்தால் 0.022, 0.05 என்றிருந்தால் 0.047 போடலாம், அந்தச் சிறு வேறுபாடு ஒரு பொருட்டல்ல. ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் ஒன்றைப் பொருத்திய பின்பே அடுத்ததற்குச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டியெடுத்துவிட்டால் எது எங்கே இருந்தது என்ற குழப்பத்திலிருந்து மீள்வது கடினம். செராமிக் வட்டுகளையும் மைக்கா கெப்பாசிட்டர்களையும் தொட வேண்டாம், அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு ஏறிவிடும் இயல்புடையவை. மீட்டரால் அளந்து, குறித்த மதிப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றுங்கள்.

காகிதக் கெப்பாசிட்டர்களில் எல்லாவற்றினும் முக்கியமானது, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட் என்னும் கட்டுப்பாட்டு முனைக்குச் செல்லும் கப்ளிங் கெப்பாசிட்டர். முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, இசையை மட்டும் கடத்துவது அதன் பணி. அது சற்றே கசிந்தாலும் கிரிட்டில் பிளஸ் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, உள்ளே உள்ள தகடு செந்தணலாகச் சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். ஸ்டீரியோவில் இரு பக்கமும் இது தனித்தனியே இருப்பதால் இரண்டையும் மாற்ற மறக்காதீர்கள். இ.எல்.84 வால்வில் இதைச் சோதிக்க, செட் நன்கு சூடேறிய பின் 2-ஆம் பின்னாகிய கிரிட்டில் டிசி வோல்ட்டை அளக்க வேண்டும். பூஜ்யம் இருந்தால் சரி. வால்வின் மின்னோட்டம் முழுதும் கடந்து செல்லும் 3-ஆம் பின்னாகிய கேத்தோடில் ஏறக்குறைய 7 வோல்ட் இருக்கும். அந்தக் கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம் ஆனால், வால்வு 54 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அது இயல்பான அளவே. கேத்தோடில் 10, 12 வோல்ட் என்று ஏறியிருந்தால் உடனே அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

முதன்முறை மின்சாரம் கொடுத்தல்

இதற்கு ஒரு சீரிஸ் பல்பு வேண்டும். மரப்பலகையில் ஒரு பல்பு ஹோல்டரையும் ஒரு சாக்கெட்டையும் பொருத்தி, ஃபேஸ் கம்பி பல்பின் வழியாகவே சாக்கெட்டுக்குச் செல்லும்படி இணைத்தால் போதும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்புதான் போட வேண்டும், எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்குப் பயன்படாது. செட்டுக்குள் எங்கேனும் ஷார்ட் இருந்தால், பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து மின்சாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர்கள் இணைந்திருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி, சுருளின் இன்சுலேஷன் கிழிந்துவிடக்கூடும். பின்னர் ரெக்டிஃபயர் வால்வை மட்டும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். உயர் மின்னழுத்தம் வராது. மற்ற வால்வுகளின் இழைகள் மெதுவாகச் சிவப்பேறுவது மட்டும் தெரியும். பல்பு மங்கலாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் நலமாக இருக்கிறது என்று அறியலாம். அணைத்துவிட்டு, ரெக்டிஃபயரைச் செருகி மறுபடி போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கி, வால்வுகள் சூடேறும்போது சற்றே கூடி நிற்க வேண்டும். பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் அணைத்துவிட்டு இணைப்புகளை மீண்டும் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டுமே சீரிஸ் பல்பை நீக்கி நேரடி மின்சாரத்துக்கு வாருங்கள். முதல் அரை மணி நேரம் செட்டை விட்டு நகராமல், டிரான்ஸ்ஃபார்மர் சூட்டையும் வால்வுகளின் தகட்டையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

வால்வின் உச்சியிலோ பக்கத்திலோ உள்ள வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அது இனி உதவாது. மற்றபடி வால்வுகள் பலரும் அஞ்சுவதைவிட நெடுநாள் உழைக்கும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றத் தேவையில்லை. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த வால்வுகள் பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இன்னும் கிடைக்கக்கூடும். இ.எல்.84, இ.சி.சி.83 ஆகியவற்றைக் கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக வெளிநாடுகளில் இன்றும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டப் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ மங்கியிருந்தால் அப்படியே விடுங்கள், பாட்டுக்கு அதனால் குறைவில்லை.

வால்யூம், டோன் கண்ட்ரோல்களைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு உள்ளே தெளித்துப் பல முறை திருப்பினால் போதும். பியானோ சாவி போன்ற ஸ்விட்சுகளுக்கும் அதுவே மருந்து. துருவை இளக்கும் எண்ணெய்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரெக்கார்டு பிளேயர்

கரார்டு, பி.எஸ்.ஆர். ஆகிய இங்கிலாந்து நிறுவனங்களின் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே மாற்றிப் போடும் ரெக்கார்டு சேஞ்சர்களைப் பல பெட்டிகளில் காணலாம். இவற்றில் பொதுவாக வரும் பழுது ஒன்றே: அன்று தடவிய கிரீஸ் இறுகிப் பிசினாகி, கை நகராது, தட்டு சுற்றாது. இறுகிய கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, நகரும் இடங்களில் புதிய கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். மோட்டார் தண்டுக்கும் தட்டின் அச்சுக்கும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டொரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும், சில மாதங்களில் அதுவே பிசினாகும்.

மோட்டாருக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையே நின்று சுழலும் ரப்பர் சக்கரத்தில் எண்ணெய் ஒரு துளிகூடப் படக் கூடாது. அதன் விளிம்பு பளபளவென்று இறுகியிருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகிவிட்ட சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்தட்டென்று ஓசை தரும். அதற்குப் புது ரப்பர் போடுவதைத் தவிர வழியில்லை. வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் கொண்ட வட்டத்தைத் தாளில் அச்சிட்டுத் தட்டின் மேல் வைத்து, குண்டு பல்பு அல்லது நியான் விளக்கின் ஒளியில் பாருங்கள். நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பதால், 33⅓ சுற்று வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்பதுபோல் தோன்றும்.

முள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அக்காலக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுகளில் ரோஷெல் உப்பின் படிகம் இருந்தது. அந்தப் படிகம் ஈரத்தை உறிஞ்சிக் கரையும், 55 டிகிரி சூட்டில் தன் பண்பை இழந்துவிடும். கடலோரத்தில் கிடந்த பெட்டியில் அது உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாட்டு மிக மெலிதாகவோ, ஒரே பக்கத்தில் மட்டுமோ கேட்டால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லும் முன் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதன் இடத்தில் ஈரத்துக்கு அஞ்சாத ஸ்டீரியோ செராமிக் கார்ட்ரிட்ஜைப் பொருத்துங்கள். இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் இங்கே நேரடியாக ஒத்துவராது. அது சில மில்லிவோல்ட் மட்டுமே தருவதால் தனி முன் ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும்.

முள்ளின் அழுத்தம் செராமிக் வகைக்கு 4 முதல் 6 கிராம் வரை இருக்கலாம். சிறிய டிஜிட்டல் தராசில் முள்ளை இறக்கி அளந்துகொள்ளுங்கள். திருப்பிப் போடும் முள்ளானால், அரக்குத் தட்டுகளாகிய 78-களுக்குத் தடித்த முனை, எல்.பி.களுக்கு மெல்லிய முனை. மோனோ கார்ட்ரிட்ஜ் உள்ள கையை ஸ்டீரியோ தட்டின் மேல் வைக்கவே கூடாது. மேலும் கீழும் அசைய இயலாத அந்த முள் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பாழான தட்டை மீட்க வழியே கிடையாது.

ஸ்பீக்கரும் ரேடியோவும்

ஸ்பீக்கரின் இரு முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டெடுத்தால் டப்பென்ற ஓசையோடு கூம்பு அசைய வேண்டும். பேட்டரியை ஒரே முறையில் தொடும்போது இரு பக்கக் கூம்புகளும் ஒரே திசையில் நகருமாறு கம்பிகளை இணைத்தால்தான் பாடகரின் குரல் நடுவிலிருந்து வரும். காகிதக் கூம்பில் உள்ள கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளும் நீர் கலந்த ஃபெவிகாலும் போதும்; தடித்த பட்டி ஒட்டினால் கூம்பு கனத்து ஓசை கெடும்.

ரேடியோ பகுதியில் உள்ள சிறு திருகுகளையும் மெழுகிட்ட காயில் மையங்களையும் திருப்பிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அளவீட்டுக் கருவி இல்லாமல் அவற்றை மீண்டும் சீர்செய்ய முடியாது. டயலில் எண்கள் மீட்டர் கணக்கில் இருந்தால், 3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். சென்னை வானொலியின் நெடுநாளைய மத்திய அலை எண்ணாகிய 720, டயலில் 417 மீட்டர் அருகே வரும். எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், அவற்றை அணைத்துவிட்டுக் கேட்டபின் செட்டைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் இங்கே சென்னையில்தான் தொடங்கியது என்றாலும், அதற்கு முன்பே வந்த ஜெர்மன் செட்டுகளில் எஃப்.எம். பட்டை உண்டு. அவற்றின் பழைய மாதிரிகளில் அந்தப் பட்டை 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். 93.5-உம் 98.3-உம் கேட்கும், 101.4-இல் வரும் அரசு வானொலியின் ரெயின்போ கேட்காது. இது பழுதன்று. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பட்டைக் கம்பியை நடுவில் பிரித்து ஆன்டெனா துளைகளில் மாட்டினால் சிக்னல் நன்றாக வரும்.

மரவேலை

மரத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்வதே முறை. முதலில் பாலிஷ் போட்டுவிட்டால் சேசிஸை ஏற்றி இறக்கும்போது கீறல் விழும். வெனியர் என்பது ஒரு மில்லிமீட்டரும் இல்லாத தேக்கு அல்லது ஈட்டிமரத் தோல்தான். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் அடியில் உள்ள மலிவான மரம் தெரிந்துவிடும். கையால், மரத்தின் இழை ஓடும் திசையில், நுண்ணிய உப்புத்தாளால் மட்டுமே தேய்க்க வேண்டும்.

உரிந்த வெனியரை அன்று பெரும்பாலும் வச்சிரத்தால்தான் ஒட்டியிருப்பார்கள். ஈரத்துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் அந்தப் பழைய பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். உடனே மெழுகுத்தாளை விரித்துப் பலகையும் கனமும் வைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். பிடிக்காத இடத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைக்கலாம்.

பழைய பூச்சு என்னவென்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாத கண்ணாடி போன்ற ஜெர்மன் பூச்சு பாலியெஸ்டர். அதைச் சுரண்டாமல் ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு ஏற்றுவதே போதுமானது. அரக்குப் பாலிஷை ஐப்பசி, கார்த்திகை மழையில் போடக் கூடாது. காற்றில் உள்ள ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகப் பூத்துவிடும். தை பிறந்த பின் உலர்ந்த காலை வேளைகளில் தொடங்குவது நல்லது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் நல்ல பாலிஷ்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுவதில் தயங்க வேண்டாம். ஆனால் "புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். தடித்த பாலியூரித்தேன் பூச்சில் பழைய மரத்தின் நிறமும் இழையும் மூழ்கிவிடும்.

ஸ்பீக்கரின் முன்துணி கிழிந்திருந்தால், வாயை வைத்து ஊதும்போது காற்று தடையின்றிப் போகும் அளவுக்கு இடைவெளி உள்ள துணியாகத் தேர்ந்து மாற்றுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். பின்பலகையில் உள்ள துளைகள் வால்வுகளின் சூடு வெளியேறுவதற்கானவை, அவற்றை எக்காரணத்தாலும் அடைக்கக் கூடாது. கால்களுக்கு அடியில் ரப்பர் வில்லை வைத்துவிட்டால் வீடு கழுவும் தண்ணீர் மரத்தில் ஏறாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வால்வுகளின் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்திவிடும். கழற்றிய பழைய பாகங்களையும், எதை எந்த மதிப்பில் மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் ஓர் உறையில் இட்டுப் பெட்டியின் உட்புறத்தில், சூடு படாத மூலையில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை சேசிஸைத் திறப்பவர் எந்த மெக்கானிக்காக இருந்தாலும், முதலில் தேடப்போவது அதைத்தான்.